தாய்வீட்டுக்குப் போகாத பிரசவம்

"உங்க கூடப் பொறந்தவங்க யாரு இருக்காங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

பெரம்பலூரில் நான் கர்ப்பத்துக்குக் காட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி அது. ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்து வந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் என் கணவர்.

"ஒரு தம்பி, மேடம்."

"நல்லா இருக்காரா?"

எங்கள் கல்யாணப் பேச்சின்போது என் வீட்டில் சொன்னதையே நானும் சொன்னேன். "சின்ன வயசுல ஜுரம் வந்து வலிப்பு வந்துடுச்சு. அதுலேர்ந்து கொஞ்சம் மூளை வளர்ச்சி கம்மி. பேச்சு சரியா வராது."

"ஜுரம் வர்றதுக்கு முன்னாடி நல்லா இருந்தாரா? தலை நின்னுச்சா, உக்காந்தாரா, நடந்தாரா?"

அவன் பிறந்தபோது எனக்கு நான்கு வயது. அவனைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா சொன்னதுதான். அம்மாவிடம் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை.

"அம்மாகிட்ட விசாரிச்சுட்டுச் சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. "உங்களுக்குத் தைராய்டு வேற கூட இருக்கு. குழந்தை முதுகு காட்டிப் படுத்திருக்கு, தலைப் பக்கம் ஒண்ணு தெளிவாத் தெரியல. பயப்பட வேண்டாம். ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு தடவ பாத்துடுவோம்."

பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொன்னால் அங்கே பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதான் மனசு எடுத்துக்கொள்கிறது. மருந்துக் கடை வாசலில் நின்றபடியே அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, தம்பிக்கு ஜுரம் எத்தனை மாசத்துல வந்துச்சு?"

அந்தப் பக்கம் ஆடு கத்துகிற சத்தம் கேட்டது.

"யாரு கேக்கறா?" என்றாள்.

"டாக்டர்."

"மாப்ள பக்கத்துல இருக்காரா?"

அவர் என் தோளை ஒட்டி நின்றிருந்தார். போனில் வருகிற குரல் அவருக்கும் கேட்கும்.

"அப்புறமா பேசறேன்டி. அடுப்புல ஒல வச்சிருக்கேன்" என்று அம்மா வைத்துவிட்டாள்.

என் கணவர் ஒரு கல்லூரியில் எலக்ட்ரீசியன். அதிகம் பேசுகிறவர் இல்லை. பைக்கில் அவர் ஊரான குரும்பலூருக்குத் திரும்பினோம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய பிறகுதான் கேட்டார்.

"ஜுரம்ங்கறது நெசமா, இல்ல எங்களுக்காகச் சொன்னதா?"

"எனக்குத் தெரியாதுங்க. எனக்கும் அதத்தான் சொல்லிருக்காங்க."

அவர் நம்பினாரா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. உள்ளே போய்விட்டார். அந்த வாரம் முழுக்க வீட்டில் எல்லோரும் என்னிடம் நல்லபடியாகத்தான் நடந்துகொண்டார்கள். அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. மாமியார் நான் கேட்காமலே பால் காய்ச்சிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். நான் நிமிர்ந்தால் பார்வையை மாற்றிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இருவரும் என் ஊருக்குப் போனோம். உடையார்பாளையத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. சுற்றிலும் முந்திரிக் காடு. அரியலூரைத் தாண்டும்வரை சிமெண்ட் லாரிகள் கிளப்பிய தூசி. அதற்கப்புறம் செம்மண்ணும் பச்சையும்.

தம்பி வழியிலேயே எங்களைப் பார்த்துவிட்டு ஓடி வந்தான். இருபத்து நான்கு வயது. ஆள் அப்பாவைவிட உயரம். என் கைப்பையைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தான். யார் எதைக் கொண்டு வந்தாலும் அதை அவன்தான் சுமக்க வேண்டும், அது அவனுக்குப் பெரிய சந்தோஷம்.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா கட்டிலை இழுத்துப் போட்டு மாப்பிள்ளையை உட்காரச் சொன்னார். நான் அம்மாவைக் கேட்டேன். கணவர் முன்னாலேயே கேட்டேன், இனி எதையும் மறைத்துப் பேச எனக்குத் தெம்பில்லை.

"தம்பி பொறக்கும்போதே அப்படித்தானாம்மா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா வெளியே பார்த்தார்.

"பொறந்து ரொம்ப நேரம் அழுவல" என்றாள் அம்மா. "ஆறு மாசத்துக்கும் தல நிக்கல. அப்புறந்தான் வலிப்பு. ஜுரம்லாம் எல்லாப் புள்ளைக்கும் வர்றதுதான். உனக்குக் கல்யாணம் பேசறப்ப உங்கப்பா சொன்னாரு, ஜுரத்துல வந்ததுன்னு சொல்லு, பொறவியிலன்னு சொன்னா பொண்ணு எடுக்க மாட்டாங்கன்னு."

"மாப்ள தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார் அப்பா, வெளியே பார்த்தபடியே.

"அவன் வயித்துல இருக்கறப்ப ஏதாவது சீக்கு வந்துச்சா அத்தை?" என்று மட்டும் கேட்டார் என் கணவர்.

"ஒரு சீக்கும் இல்ல. தண்ணி மோந்து மோந்து ஊத்திக்கிட்டிருந்தேன், நல்லாத்தான் இருந்தேன்."

"எதுக்குத் தண்ணி?" என்றார் அவர்.

"மருந்தடிக்கத்தான். அந்த வருசந்தான் காட்டைக் குத்தகைக்கு எடுத்தோம். இவ வயித்துல இருக்கறப்ப நமக்கு ஏது காடு? பூ வக்கிற நேரம், பூச்சி கருக்கிட்டுப் போவுது. ஆளு கெடைக்கல. இவரு டேங்க மாட்டிக்கிட்டு அடிப்பாரு. நான் குடத்துல தண்ணி கொண்டாந்து மருந்த ஊத்திக் கலக்கிக் குடுப்பேன்."

"எதால கலக்குவ?" என்று கேட்டேன்.

"குச்சியாலதான். குச்சி இல்லாட்டிக் கையால."

அவள் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தாள். அவள் கை தானாகவே முந்தானைக்குள் மறைந்துகொண்டது.

எங்கள் பக்கம் பூச்சிக்கொல்லிக்கு மருந்து என்றுதான் பெயர். முந்திரிக்கு அன்றைக்கு அடித்தது எண்டோசல்பான். எல்லோரும் அடித்தார்கள். கடைக்காரர் கொடுத்தார், பூச்சி செத்தது, காய் பிடித்தது. பிறகு அரசாங்கம் தடை செய்தது. தடை வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் அப்பா டின் டின்னாக வாங்கி வைத்தார். அதை வைத்த இடம் வீட்டின் பின்னறை. ஜன்னல் இல்லாத அந்த அறையில்தான் முன்பிருந்தே விதை, மண்வெட்டி, மருந்து, அதை அடிக்கிற டேங்கு எல்லாம் இருக்கும். காற்று படாது, கதகதப்பாக இருக்கும் என்று பிள்ளை பெற்றவளையும் அங்கேதான் படுக்க வைப்பார்கள். தம்பியோடு அம்மா அங்கேதான் கிடந்தாள். எறும்பு ஏறாமல் இருக்க அவன் தூளிக்குக் கீழே பி.எச்.சி. என்கிற பூச்சிப் பவுடரைக் கோடாகப் போட்டிருப்பாள். எனக்குப் பேன் பார்த்தபோது அதே பவுடரைத் தலையில் தேய்த்துத் துணி கட்டிவிட்டது எனக்கே ஞாபகம் இருக்கிறது. கண் எரிந்து அழுதேன்.

எழுந்து போய்ப் பின்னறைக் கதவைத் திறந்தேன். வாடை முகத்தில் அடித்தது. சிறு வயதில் எனக்கு அது வீட்டு வாடையாகத்தான் தெரிந்தது. சுவரோரம் கோணிக்கு அடியில் டின்கள். ஒன்றின் அடியில் துரு பிடித்துத் தரையில் கறுப்பாக ஊறியிருந்தது.

"இன்னும் ஏன்ப்பா வச்சிருக்க?"

"எங்க கொண்டு போயிப் போடறது? கெடக்கட்டும். யாரு அதத் தொடறா?"

"மூடு கதவ" என்றார் என் கணவர். அவர் என் கையைப் பிடித்து வெளியே கொண்டு வந்தபோது அந்தப் பிடி வலித்தது.

இரண்டாவது ஸ்கேனுக்குப் போனபோது நான் ஒவ்வொன்றையும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். ஸ்கேன் திரையை அவர் பார்க்கிற நேரத்தில் நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "தலை நல்லாத்தான் இருக்கு. போன தடவ தெரியாததெல்லாம் தெரியுது" என்றார். நான் படுத்தபடியே அழுதுவிட்டேன்.

பிறகு உட்கார வைத்துப் பேசினார். "உங்க தம்பிக்கு வந்தது அந்த மருந்தாலதான்னு யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. பொறந்தப்ப மூச்சு முட்டிருக்கலாம், வேற எதாவதும் இருக்கலாம். ஆனா அந்த மருந்து, பவுடரெல்லாம் சீக்கிரத்துல அழியாத ரகம். ஒடம்புக் கொழுப்புல போயி ஒக்காந்துக்கும், சிலது வருசக் கணக்குல கெடக்கும். தாய் வழியா வயித்துல இருக்கற குழந்தைக்குப் போவும், பால்லயும் போவும். அப்பா அடிச்சுட்டு வர்ற சட்டையில இருக்கும். நடந்தத மாத்த முடியாது. இனிமே அது பக்கம் போகாதீங்க."

"பிரசவத்துக்கு அம்மா வூட்டுக்குத்தான் போவணும் மேடம்."

"அந்த ரூமு உள்ள வூட்டுக்கா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கே நான் முடிவெடுத்துவிட்டேன். ஆனால் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. போனில் அம்மா பேசும்போதெல்லாம் பின்னறையைச் சுண்ணாம்பு அடித்து வைத்திருப்பதாகச் சொல்வாள். டின்களைக் கொல்லைப்புறக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார்களாம், தரையைச் சாணி போட்டு மெழுகிவிட்டார்களாம், வாடையே இல்லையாம். தரையில் ஊறிப்போனது எங்கே போயிருக்கும் என்று எனக்குள் கேட்டுக்கொள்வேன். வாய் மட்டும் "சரிம்மா" என்று சொல்லும்.

ஏழாம் மாதம் குரும்பலூரில் வளைகாப்பு. கை நிறைய வளையல், கன்னத்தில் சந்தனம். ஐந்து வகைச் சாதம். என்னை அழைத்துப் போக அப்பா வேன் பிடித்து வந்திருந்தார். சொந்தக்காரர்கள் எல்லாம் வேனில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். தம்பி என் துணிப்பையை அணைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்திருந்தான்.

"நல்ல நேரம் முடியப் போவுது, ஏறும்மா" என்றார் அப்பா.

"நான் வரலப்பா. இங்கயே இருந்துக்கறேன்."

முதலில் யாருக்கும் புரியவில்லை. விளையாட்டு என்று ஒரு சித்தி சிரித்தாள். அம்மாவுக்கு மட்டும் உடனே புரிந்துவிட்டது. அவள் என் கையைப் பிடித்தாள்.

"வெள்ளையடிச்சு வச்சிருக்கேன்டி. நீ முன்னாடி ரூமுலயே படுத்துக்க. அந்தப் பக்கமே வர வேணாம்."

"அந்த வூட்டுலயே வேணாம்மா. தூசி எல்லாத்துலயும் இருக்கும்."

நான் மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் வேனுக்குள் பேச்சு நின்றிருந்தது. எல்லோருக்கும் கேட்டது.

அப்பாவின் முகம் கறுத்தது. "என் வூட்டுல வெசம் இருக்குதுன்னு ஊருக்கே சொல்றியா? அந்தக் காட்டுலதான் ஒன்னப் படிக்க வச்சேன். அந்தச் சோத்தத் தின்னுதான் வளந்த. அப்பல்லாம் வெசம் தெரியலயா?"

"மாமா, டாக்டர்தான்" என்று என் கணவர் தொடங்கினார்.

"நீங்க பேசாதீங்க மாப்ள. எம் பொண்ணு பேசட்டும்."

என் மாமியார்தான் வாசற்படியிலிருந்து இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றார். "அவ இங்கயே இருக்கட்டும் சம்மந்தி. நான் பாத்துக்கறேன்" என்றார். அது என்னைக் காப்பாற்றத்தான். ஆனால் என் அம்மாவுக்கு அது முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. அவள் என் கையை விட்டுவிட்டு வேனில் ஏறினாள். தம்பி என் பையைக் கொடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தான். அவன் கையிலிருந்து அப்பா அதைப் பிடுங்கிக் கீழே வைத்தார். வேன் போன பிறகும் அவன் கத்தின சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் அம்மா போன் செய்தாள். குரல் பதறியது.

"உங்கப்பா டின்னையெல்லாம் வண்டில ஏத்திக்கிட்டு ஓடைக்குப் போறாரு. எல்லாத்தையும் ஊத்திப்புட்டு வந்துதான் பச்சத்தண்ணி குடிப்பேங்கறாரு. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறாரு."

மழைக்காலம். ஓடையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கீழே எல்லோருடைய ஆடும் மாடும் அதில்தான் குடிக்கும், அது போய்ச் சேருகிற ஏரிக்கரையில்தான் குடிதண்ணீர்க் கிணறு இருக்கிறது.

"அப்பாகிட்டப் போனக் குடு."

"வண்டி போயிடுச்சுடி. அவரு போன எடுத்துட்டுப் போகலயே."

என் கணவர் தெரிந்தவர் காரை வாங்கி வந்தார். என்னை வர வேண்டாம் என்றார். நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அரியலூர் ரயில்வே கேட்டில் நின்றபோது இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இந்நேரம் ஊற்றியிருப்பார் என்ற நினைப்பு மட்டும்தான். வயிற்றில் குழந்தை புரண்டுகொண்டே இருந்தது.

ஓடைக்கரையில் மாட்டு வண்டி நின்றிருந்தது. கரையில் டின்களை இறக்கி வைத்து, அப்பா உட்கார்ந்து ஒன்றின் மூடியை உளியால் நெம்பிக்கொண்டிருந்தார். துருப்பிடித்த மூடி வரவில்லை, அதனால்தான் எங்களுக்கு நேரம் கிடைத்திருக்கிறது. அம்மா தள்ளி நின்று தலையில் அடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ எறங்காத. கண்ணாடிய ஏத்திக்க" என்று சொல்லிவிட்டு என் கணவர் ஓடினார். நான் கதவைத் திறந்து அங்கிருந்தே கத்தினேன்.

"அப்பா, வேணாம்ப்பா! தண்ணில ஊத்தாதப்பா!"

"வூட்டுலயும் வைக்கக் கூடாது, வெளியவும் ஊத்தக் கூடாது. நான் என்னத்தப் பண்றது? நான் குடிச்சுப்புடட்டுமா?"

என் கணவர் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார். அப்பாவின் கையில் உளி இருந்தது. முழங்காலுக்கு நடுவில் டின். அவர் சொன்னது வெறும் பேச்சா என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. எங்கள் ஊரில் அப்படிச் சொல்லிக் குடித்தவர்கள் இருக்கிறார்கள்.

அப்போது வண்டிக்குப் பின்னாலிருந்து தம்பி வந்தான். அவனும் வந்திருப்பது எனக்கு அதுவரை தெரியாது. வண்டியில் மீதமிருந்த ஒரு டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அப்பாவுக்கு உதவுகிற பெருமையோடு சிரித்தபடி நடந்து வந்தான். அடி துருப்பிடித்த டின் அது. சட்டையின் முன்பக்கம் நனைந்து பழுப்பாக வழிந்திருந்தது.

அப்பா திரும்பிப் பார்த்தார். உளி கையிலிருந்து விழுந்தது.

"கீழ வையிடா சாமி" என்றார். அப்படியொரு குரலை அவரிடம் நான் கேட்டதே இல்லை. "மெதுவா வையி. வச்சுட்டு அப்பாகிட்ட வா."

அவன் வைத்தான். அப்பா எழுந்து ஓடி வந்து அவன் சட்டையைக் கிழித்தே கழற்றினார். அம்மா அவனை இழுத்துக்கொண்டு பம்புசெட்டுக்கு ஓடினாள். சோப்பு போட்டுப் போட்டுத் தேய்த்தாள். தண்ணீரென்றால் அவனுக்கு உயிர், அவன் கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தான். அப்பா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, தலையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு அவனை உடையார்பாளையம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ச் சாயந்திரம்வரை வைத்திருந்து பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி என் கணவரிடம், "அவன் பொறந்த வருசமும் என் சட்டைய அவன் அம்மாதான் தொவச்சா மாப்ள. மருந்துச் சட்டைய" என்றார்.

டின்களை என்ன செய்வது என்று விவசாய ஆபீசில் கேட்டோம். தடை செய்த சரக்கை வாங்கிக்கொள்ளத் தங்களிடம் வழியில்லை, மேலிடத்துக்கு எழுதுகிறோம் என்றார்கள். கடைக்காரர் அதெல்லாம் தன் அப்பா காலத்து வியாபாரம் என்றார். புதைத்தால் நிலத்தடி நீருக்குப் போகும், கொளுத்தினால் புகை. கடைசியில் என் கணவர் மின்சார வேலைக்குப் போடுகிற ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, முகத்தில் துணி கட்டி, எல்லாவற்றையும் பெரிய பிளாஸ்டிக் டிரம்மில் வைத்து மூடினார். காட்டின் மேட்டு மூலையில் சிமெண்ட் தளம் போட்டு, மேலே தகரம் போட்டு, சுற்றி முள்வேலி கட்டினார்கள். ஆபீசிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. டிரம் அங்கேயேதான் இருக்கிறது.

எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. வெளியே வந்த உடனே அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு நான் மயங்கிப் போனதாக நர்ஸ் சொன்னார்.

அம்மா வருவாளா என்ற பயம் எனக்கு இருந்தது. வந்தாள். மகளுக்குப் பிள்ளைப்பேறு பார்க்கச் சம்பந்தி வீட்டுக்கு வந்து தங்குவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. வந்தவள் விருந்தாளி மாதிரி கூசிக் கூசி நடந்தாள், மாமியாரின் அடுப்பில் ஒரு டம்ளர் வெந்நீர் வைக்கக்கூடக் கேட்டுக்கொண்டு வைத்தாள். என் மாமியாரும் அம்மாவும் குழந்தையின் எண்ணெய்க் குளியலில்தான் ஒருவரோடு ஒருவர் பேச ஆரம்பித்தார்கள்.

எனக்குப் புதிய பயம் வந்திருந்தது. என் பால். அந்த வீட்டில் வளர்ந்த உடம்புதானே இதுவும்? குழந்தை வாய் வைக்கும்போதெல்லாம் உடம்பு விறைத்தது. பவுடர் பால் வாங்கி வரச் சொன்னேன். டாக்டரம்மா போனிலேயே திட்டினார். "தாய்ப்பால நிறுத்தறதுதான் இப்ப நீங்க குழந்தைக்குப் பண்ற கெடுதல். பால்ல எது கலந்திருந்தாலும் அதவிட அதுல கிடைக்கற நன்மை ஜாஸ்தி. குடுங்க." கொடுத்தேன். கொடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்வேன்.

ஒரு மத்தியானம் நான் அப்படிக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நாந்தான் அவனுக்குப் பண்ணிட்டேனாடி?" என்று கேட்டாள்.

நான் கண்ணைத் திறந்தேன். அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டராலயே சொல்ல முடியலம்மா. நீ எப்படிச் சொல்லுவ? ஒனக்கு யாரும் அது என்னன்னே சொல்லல."

"ஒங்கப்பாவுக்கும் யாரும் சொல்லல" என்றாள். ஓடைக்கரையில் நடந்ததற்குப் பிறகு அவரைப் பற்றி அவள் என்னிடம் பேசியது அப்போதுதான். "அவரு இப்ப காட்டுல ஒரு வேலையும் செய்யறதில்ல. போயி நின்னு மரத்தப் பாத்துட்டுத் திரும்பி வந்துடறாரு. கொழந்தையப் பாக்கணும்னு இருக்கு. நீ கூப்புடணும்னு இருக்காரு."

கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தார். வாசலில் நின்று என் கணவரிடம், குளித்துவிட்டுப் புதுச் சட்டை போட்டுக்கொண்டுதான் வந்திருப்பதாகச் சொன்னார். குழந்தையை வாங்கவில்லை. தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான்தான் எழுந்து போய் அவர் மடியில் வைத்தேன்.

குழந்தைக்குக் குதிகாலில் ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்த்தார்கள். அளவு சரியாக இருக்கிறது. ஆறாம் மாதம் இன்னொரு தடவை பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். போன வாரத்திலிருந்து அவளுக்குத் தலை நிற்கிறது. ஆனாலும் நான் தினமும் காலையில் அவளைக் குப்புறப் போட்டு, தலையைத் தூக்குகிறாளா என்று பார்க்கிறேன். தூக்கும்வரை பக்கத்தில் யாரையும் பேச விடுவதில்லை.